தினமும் வேதத்தை ஆராயும் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமத்தைத் தினமும் படிக்க வேண்டும் என்று பல முறை தீர்மானித்து, பல முறை விட்டவன் நான். இப்போது சில வருடங்களாக விடாமல் போகிறது. சபையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், முன்பு நானே யாரிடமாவது கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வேதம் வாசிப்பதும் வேதத்தை ஆராய்வதும் ஒன்றுதானே?

இல்லை. ஒரு அதிகாரத்தை வாசித்து முடித்த ஐந்து நிமிடம் கழித்து, "என்ன படித்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் விழிப்போம். அதுவரை நடந்தது வாசிப்பு. அதைக் குறைவாகச் சொல்லவில்லை, வாசிப்புக்கும் அதன் இடம் உண்டு. ஆராய்வது என்றால் பகுதியை நிறுத்தி விசாரிப்பது: யார் பேசுகிறார், யாரிடம், எதற்காக, ஏன் இந்தச் சொல்?

அப்போஸ்தலர் 17:11-இல் பெரோயா பட்டணத்தாரைப் பற்றி ஒரு வரி வருகிறது. "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து" பார்த்தார்கள் என்று. பிரசங்கித்தவர் பவுல். அவர் சொன்னதையே சரிபார்த்தார்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை, நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள். கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இந்த வசனத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

மாற்கு. நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, 16 அதிகாரம். சம்பவங்கள் வேகமாக நகரும். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மறுநாளிலிருந்து முதல் அதிகாரத்துக்குத் திரும்பி மெதுவாக ஆராயத் தொடங்குங்கள்.

ஆதியாகமத்தில் தொடங்கக் கூடாதா என்றால், தாராளமாகத் தொடங்கலாம். ஆதியாகமம் கதையாக ஓடும், யாத்திராகமத்தின் முதல் பாதியும் அப்படியே. 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் லேவியராகமம், 27 அதிகாரம். நான் மூன்று வருடம் தொடர்ந்து அங்கேதான் நின்றுபோனேன். பிழை லேவியராகமத்தின் மேல் இல்லை. எதற்காக அதைப் படிக்கிறேன் என்பதே தெரியாமல் படித்தேன். அது எப்படி மாறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஒரே வருடத்தில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் வேண்டும். ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மரே மெக்ஷேன் 1842-இல் தன் சபைக்குக் கொடுத்த அட்டவணை இன்னும் கடினம்: தினம் நான்கு அதிகாரம் வீதம், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் வருடத்தில் இரண்டு முறை. இன்றும் அதைப் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

ஆராய்வதற்கு அந்த வேகம் ஒத்துவராது. ஒரு சம்பவம் அல்லது ஒரு வாதம், அதாவது பத்துப் பதினைந்து வசனம், ஒரு நாளுக்குப் போதும். அதிகார எல்லையைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அதிகாரப் பிரிவு மூல ஆசிரியர்கள் போட்டதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்ததாக அறியப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. சில இடங்களில் வெட்டு தப்பாக விழுந்திருக்கிறது. ஏசாயா 53-ஐ எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாடல் தொடங்குவது 52:13-இல். 53:1-இல் ஆரம்பிப்பவர் பாட்டின் பல்லவியைக் கேட்காமல் சரணத்தில் நுழைகிறார்.

காலையா, இரவா?

இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனதாக மாற்கு 1:35 சொல்கிறது. அதனால் காலை என்பார்கள். "இரவும் பகலும்" என்கிறது முதலாம் சங்கீதம். இரவுப்பணி செய்பவருக்கும் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் அதிகாலை நேரத்தைக் கட்டாயமாக்குவது கொடுமை.

எந்த நேரம் என்பதைவிட, எதற்குப் பிறகு என்பது முக்கியம். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒன்றோடு இதை முடிச்சுப் போடுங்கள்: பல் துலக்கியதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் அந்த நேரம் வராது.

பழக்கமாக மாற எத்தனை நாள்? 21 நாள் என்கிறார்களே?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் ஓர் உளவியல் இதழில் வந்தது. அவர்கள் கண்டது: ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. ஆகவே ஒரு மாதத்தில் பிடிபடவில்லை என்றால் உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

சரி, ஆராய்வது என்றால் உட்கார்ந்து என்னதான் செய்வது?

ஒரு பகுதியை எடுத்து நான் செய்வதைச் சொல்கிறேன். மாற்கு 5:21 முதல் 43 வரை. யவீருவின் மகளும், பெரும்பாடுள்ள (நிற்காத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீயும். (இது பத்துப் பதினைந்து வசனத்துக்கு மேல் போகிறதே என்பீர்கள். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் நோட்டில் கேள்விகளை மட்டும் எழுதுவேன், பதில்களை அல்ல. மாற்கு ஏன் ஒரு கதையின் நடுவில் இன்னொரு கதையைச் செருகுகிறார்? பிறகு சொற்களைப் பார்ப்பேன். திரும்ப வரும் சொல் எது? அந்தப் பெண் பன்னிரண்டு வருஷமாய் வியாதியாக இருந்தாள். சிறுமிக்கு வயது பன்னிரண்டு. ஒருத்தி பிறந்து வளர்ந்த காலம் முழுவதும் மற்றவள் இரத்தம் சிந்திக்கொண்டிருந்திருக்கிறாள். இதை நான் கவனித்தது எத்தனையோ முறை வாசித்த பிறகுதான்.

அடுத்து ஆட்கள். யவீரு ஜெப ஆலயத் தலைவன், பெயர் இருக்கிறது, எல்லார் முன்னும் இயேசுவின் பாதத்தில் விழுகிறான். அவளுக்குப் பெயரே இல்லை. கூட்டத்தில் பின்னாக வந்து தொடுகிறாள். கடைசியில் அவளும் அவர்முன் விழுகிறாள். அவளை அவர் "மகளே" என்று அழைக்கிறார். யவீரு பக்கத்தில் நிற்கிறான், அவன் மகளுக்காகத்தான் எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த நொடியில் வீட்டிலிருந்து சிலர் வந்து, "உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்" என்கிறார்கள். ஒரு தகப்பனாக அந்தத் தாமதத்தை நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு வரும் கேள்வி: அவள் ஏன் ஒளிந்து வந்தாள்? ஏன் "பயந்து, நடுங்கி" முன்னால் வருகிறாள்? சுகமாகிவிட்டதே, பயம் எதற்கு? விடை நான் மூன்று வருடம் தாண்ட முடியாத லேவியராகமத்தில் இருந்தது. 15:25 முதல் 27 வரை படித்தால், அப்படிப்பட்ட பெண் தீட்டுள்ளவள். அவள் படுக்கையையோ ஆசனத்தையோ தொட்டவனும் மாலைவரை தீட்டு. பன்னிரண்டு வருடமாக யாரையும் தொட முடியாமல் இருந்தவள் நெருக்கும் கூட்டத்துக்குள் புகுந்திருக்கிறாள். எண்ணாகமம் 19:11-இன்படி பிணத்தைத் தொடுகிறவனுக்கு ஏழு நாள் தீட்டு. இயேசுவோ மரித்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார். இரண்டு கதையும் ஏன் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து லேவியராகமம் எனக்கு வறண்ட புத்தகமாக இல்லை. சுவிசேஷத்தில் எழுந்த கேள்விகளைக் கொண்டுபோய்க் கேட்கும் இடமாகிவிட்டது.

கடைசியாக, அன்றைக்கு என்னைத் தொட்ட ஒன்றை ஒரே வரியில் எழுதி, அதையே ஜெபமாக்கிவிட்டு எழுந்துவிடுவேன். மொத்தம் இருபது நிமிடம்.

விளக்கவுரை, குறிப்புப் பைபிள் எல்லாம் வாங்க வேண்டுமா?

பிறகு. கையில் பென்சிலும் நோட்டும், பக்க ஓரத்தில் இணைவசனங்கள் அச்சிட்ட வேதாகமமும் இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம். அடுத்து, ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதி ஒன்று. விளக்கவுரையை முதலில் திறந்தால், கேள்வி நம் மனதில் எழும் முன்பே பதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது மனதில் தங்குவதில்லை. நீங்களாக முட்டி மோதிய பிறகு திறந்தால் அதே விளக்கவுரை நல்ல துணை.

எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

நீங்கள் உண்மையில் திறந்து வாசிக்கும் மொழிபெயர்ப்பு. ஒன்றை வாசிப்புக்கும் மற்றொன்றை ஒப்பிடவும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் முயற்சியால் 1715-லேயே அச்சாகிவிட்டது. பெரும்பாலான சபைகளில் கையிலிருக்கும் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். அதன் ஓசை அழகு, மனப்பாடத்துக்கு நிகரில்லை. ஆனால் சில சொற்கள் இதற்குள் பொருள் நகர்ந்துவிட்டன.

யாத்திராகமம் 20:5-இல் "எரிச்சலுள்ள தேவன்" என்று வரும். இன்றைக்கு எரிச்சல் என்றால் சிடுசிடுப்பு. மூல எபிரெயச் சொல்லோ, தன் துணையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க மனம் ஒப்பாத வைராக்கியத்தைக் குறிக்கிறது. "உபத்திரவம்" இன்று தொந்தரவு என்ற அளவுக்கு இளைத்துவிட்டது; யோவான் 16:33-இல் அது நசுக்கும் துன்பம். இப்படிப்பட்ட இடங்களில் 1995-இல் வந்த திருவிவிலியத்தையோ வேறு எளிய தமிழ் மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளியும். திருவிவிலியத்தில் புத்தகப் பெயர்கள் மாறும்: ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், சங்கீதம் திருப்பாடல்கள். கத்தோலிக்கப் பதிப்பாக இருந்தால் 73 புத்தகங்கள் இருக்கும். முதல் முறை புரட்டுகிறவர்கள் திகைக்க வேண்டாம்.

தியானம் என்றால் கண்ணை மூடி அமைதியாக இருப்பதா?

முதலாம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று வருவதற்கு மூலத்தில் உள்ள சொல் "ஹாகா". முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4-இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் இதே சொல். ஆக, வாய் அசையும் வேலை அது.

பழங்காலத்தில் சத்தமாக வாசிப்பது மிகச் சாதாரணம். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்தபோது, ஓடிவந்த பிலிப்புவின் காதில் அது விழுந்தது, அதனால்தான் "கருத்து தெரியுமா?" என்று கேட்க முடிந்தது. நான்காம் நூற்றாண்டில் அம்புரோஸ் ஆயர் குரல் எழுப்பாமல் கண்ணால் மட்டும் வாசித்ததை அகுஸ்தீன் தன் நூலில் குறித்துவைக்கும் அளவுக்குக் கவனித்திருக்கிறார். மனம் அலைபாயும் நாளில் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். வீட்டில் கூச்சமாக இருந்தால் உதட்டளவில்.

துறவிகளிடையே வளர்ந்த ஒரு முறையும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி அதை நான்கு படியுள்ள ஏணியாக எழுதினார்: வாசி, அசைபோடு, ஜெபி, அவர் முன் சும்மா இரு. நான்காவது படியில் எனக்குத் தூக்கம் வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாக்குத்தத்த வசனத்தை மட்டும் தினமும் எடுத்துக்கொண்டால் போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் 1728 முதல் நாளுக்கொரு வசனம் என்று எடுத்துவருகிறார்கள். ஆபத்து என்னவென்றால், வசனம் தன் வீட்டிலிருந்து பிரிந்து வந்துவிடும்.

எரேமியா 29:11-ஐ வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைக் காணவே மாட்டார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இதைப் படித்த பிறகு வசனத்தின் ஆறுதல் குறையவில்லை, ஆழமானது. வசனம் எடுக்கிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் சேர்த்து வாசித்தால் போதும்.

சில நாள் விட்டுப்போனால் என்ன செய்வது?

பெரும்பாலோருக்குப் பழக்கம் சாகும் இடம் இதுதான், அதனால் சற்று விளக்கமாக.

தேதி போட்ட அட்டவணையில் நாலு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரம் கடன். கடனைப் பார்த்தால் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது. பத்து நாளில் கடன் முப்பது. பிறகு "அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்". என் எல்லாத் தோல்விகளும் இந்த ஒரே வழியில்தான் போயின. ஒரு முறை நான்கு மாதம் திறக்கவேயில்லை. அதே சமயம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேத வாசிப்பின் அவசியத்தைப் பற்றி இளைஞர்களிடம் பேசியும் வந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னை மீட்டது ஒரு சாதாரண மாற்றம். தேதியை எடுத்துவிட்டுப் பக்கக்குறி வைத்தேன். நேற்று எங்கே நிறுத்தினேனோ அங்கிருந்து இன்று. நேற்று என்பது முந்தாநாளாக இருக்கலாம், மூன்று வாரம் முன்னாகவும் இருக்கலாம். பக்கக்குறி நாள் கணக்கு கேட்காது. விட்டதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று மீத்துவைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது (யாத்திராகமம் 16:20). அந்தப் பகுதி சொல்வது வேறு விஷயம், இங்கே நான் அதை உவமையாக மட்டும் எடுக்கிறேன். ஆனாலும் அன்றன்றைக்குள்ள அளவு என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கெட்ட நாளுக்கென்று ஒரு குறைந்த அளவும் வைத்துக்கொள்ளுங்கள். ஜுரம், பயணம், வேலைநெருக்கடி: அன்று ஐந்து வசனம், நோட்டு வேண்டாம். சங்கீதம் 117-இல் இருப்பதே இரண்டு வசனம்.

வாசிக்கிறேன், எதுவும் உணர்வதில்லை. போலியாக இருக்கிறேனோ?

அப்படியில்லை. உணர்வில்லாத காலங்களுக்கும் வேதத்திலேயே வார்த்தை இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். அது கடைசியில் பாட்டுக்கு வந்துவிடும். 88-ஆம் சங்கீதம் வருவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதை ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். வறட்சி மாதக்கணக்கில் நீடித்து, தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் தின்றால், அது வேத வாசிப்புப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள்.

புரியாத, மனதை உறுத்தும் பகுதிகள் வந்தால்?

நோட்டின் கடைசிப் பக்கங்களை அதற்கென ஒதுக்குங்கள். கேள்வியையும் வசன எண்ணையும் எழுதிவிட்டு நகருங்கள். என் பட்டியலில் சில கேள்விகளுக்கு இரண்டு வருடம் கழித்து, வேறெதையோ படிக்கும்போது விடை வந்தது. யோசுவாவில் வரும் சில போர்கள் இன்னும் விடையில்லாமல் இருக்கின்றன. அவசரப்பட்டு மழுப்பலான பதிலால் மூடுவதைவிட, கேள்வி திறந்தே இருப்பது நேர்மை.

செல்போனில் படிக்கலாமா?

படிக்கலாம். பயணத்தில் அதுதான் வசதி, ஒலி வேதாகமம் கண் தெரியாதவர்களுக்கும் எழுத்து வாசிக்க வராதவர்களுக்கும் பெரிய வரம். ஆராய்வதற்கு மட்டும் அச்சுப் புத்தகம் என்பது என் பிடிவாதம். செல்போனில் வசனம் தேடப்போய் நாற்பது நிமிடம் கழித்து வேறெங்கோ விழித்தவன் நான்.

தனியாகவா, சேர்ந்தா?

இரண்டும். தினமும் தனியாக, வாரத்தில் ஒரு நாள் இன்னொருவரோடு, அதே பகுதியை. என் நோட்டில் சரியென்று தோன்றிய எத்தனையோ கண்டுபிடிப்புகளை, "அண்ணா, அந்த வசனத்தில் அப்படி இல்லையே" என்று ஒரு தம்பி ஒரே வரியில் உடைத்திருக்கிறான்.

ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்காவிட்டால் குறையா?

அப்படி ஒரு கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. உபாகமம் 31-இல் நியாயப்பிரமாணத்தை எல்லா ஜனங்களும் கேட்க வாசிக்கச் சொல்லியிருப்பது ஏழு வருஷத்துக்கு ஒரு முறை. நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் மூன்று வருடம் மூன்று மாதத்தில் முழுவதும் முடியும். வாரத்தில் ஐந்து நாள்தான் முடிகிறது என்றாலும் நாலரை வருடத்துக்குச் சற்று மேல். ஏழு வருடம் ஆக இன்னும் நிறைய இடம் இருக்கிறது.